ஆறாவது மவுஸ்

இனிமேல் பெண்டாட்டியிடம் பொய் சொல்வதென்றால் அவளுக்குப் புரியாத பொய்யாகத்தான் சொல்ல வேண்டும் என்று சுருளிவேல் ஒரு முடிவுக்கு வந்தார். புரிகிற பொய்களை எல்லாம் கிருபாவதி கல்யாணமான மூன்றாம் மாசமே கண்டுபிடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

பொய்க்கு அவசியம் வந்த கதை இது. உத்தமபாளையத்தில் வீட்டில் உட்கார்ந்தபடியே சென்னைக் கம்பெனிக்கு டைப் அடித்துக் கொடுக்கும் ஒரே ஆள் தான்தான் என்று, அந்த 2009-ஆம் வருஷம் முழுக்க அவர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சொல்லி வைத்திருந்தார். கம்பெனி அவருக்கு ஒரு விர்ச்சுவல் மிஷின் கொடுத்திருந்தது. அதாவது கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டர். கம்பெனி வேலையெல்லாம் அதற்குள்தான் நடக்கும். லேப்டாப்புக்கு வலது பக்கம் பெரிய மானிட்டர் ஒன்றை நிறுத்தி, அதில் அந்த உள் கம்ப்யூட்டரைத் திறந்துவைத்து நடுவில் உட்காருவார். பார்க்கிறவர்களுக்கு விமானம் ஓட்டுகிற மாதிரி இருக்கும்.

ஆனால் அடிப்பதில் தப்புதான் ஜாஸ்தி. பக்கத்துக்குப் பத்து. கம்பெனி வேலையை நிறுத்திவிட்டு டெஸ்ட் எழுதச் சொன்னது. எழுதினார், பெயில். மறுபடி எழுதினார், மறுபடியும் பெயில். மூன்றாவதுதான் கடைசி என்றார்கள். எழுதத் தைரியம் வரவில்லை.

கிருபாவதியோ கல்யாணத்துக்கு முன்பே டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள். "அது வேற, கம்ப்யூட்டர் வேற. நீ இதுல கை வைக்காத" என்று சொன்னவரும் இவரேதான். அவளிடம் போய், எந்த மூஞ்சியோடு பெயில் என்று சொல்வது?

"என்னங்க, ஒரு வாரமா டக்குடக்குங்கிற சத்தத்தையே காணோம்?" இடது கையில் கரண்டியோடு வந்து நின்றாள்.

"மவுஸு ரிப்பேரு."

"மவுஸு ரிப்பேர்னா டைப் அடிக்கக் கூடாதா?"

"உனக்குச் சொன்னாப் புரியாது. இது விர்ச்சுவல் மிஷினு. உள்ள போன அம்புக்குறி வெளிய வரமாட்டேங்குது. இங்கன பாரு."

மவுஸை இப்படியும் அப்படியும் இழுத்துக் காட்டினார். அம்புக்குறி பெரிய மானிட்டருக்குள்ளேயே முட்டி முட்டித் திரும்பியது. கீபோர்டில் வலது கண்ட்ரோல் பட்டனை ஒரு தட்டுத் தட்டினால் வெளியே வந்துவிடும். அது அவருக்கு நன்றாகத் தெரியும். தட்டவில்லை.

"அடப் பாவமே! இப்ப என்ன செய்யப் போறீக?"

"புது மவுஸுதான் வாங்கணும்."

"அப்ப போயி வாங்கிட்டு வாங்க. மெதுவாவே வாங்க. மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தாப் போதும்."

இவ்வளவு லேசில் அவள் விட்டதில் அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். சந்தோஷம்தான் வந்தது.

முதல் மவுஸை கம்பத்தில் வாங்கினார். வாங்க ஐந்து நிமிஷம், டீக்கடையில் மூன்று மணி நேரம். அதுவும் சரியில்லை என்று இரண்டாவதுக்குச் சின்னமனூர் போனார். மூன்றாவது தேனி, நான்காவது கூடலூர். காலையில் ஒன்பது அடித்தால் கிருபாவதியே மஞ்சப்பையை எடுத்து நீட்டுவாள்.

"இன்னிக்கு எங்கன?"

"குமுளிக்கு. அங்கன நல்ல சரக்கு வந்திருக்காம்."

"ஒரு மவுஸுக்காக மலை ஏறுறீகளே! உடம்பு என்னத்துக்கு ஆகும்? இந்தாங்க, புளிச்சோறு கட்டியிருக்கேன்."

ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தவருக்கு அவமானமாக இருந்தது. விடியலில் எழுந்து சோறு கட்டுகிறாள், நாம் கதை கட்டுகிறோம். சே, இதெல்லாம் ஒரு பிழைப்பா? போதும், அந்த மூன்றாவது டெஸ்டை எழுதித் தொலைத்துவிடலாம் என்று முடிவு செய்து, அந்தச் சனிக்கிழமை ஐந்தாவது மவுஸோடு சீக்கிரமே வீடு திரும்பிவிட்டார்.

திங்கட்கிழமை கிருபாவதி ரேஷன் கடைக்குப் போன நேரம் பார்த்து லேப்டாப்பைத் திறந்தார். அம்புக்குறியை வலது பக்க மானிட்டருக்குத் தள்ளினார். போகவில்லை. லேப்டாப் ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றது. எரிச்சலில் இடது பக்கம் இழுத்தார். இடது ஓரத்தில் மறைந்து, வலது பக்க மானிட்டரின் கடைக்கோடியில் போய் முளைத்தது! எப்படியோ பிடித்து விர்ச்சுவல் மிஷினுக்குள் கொண்டுபோனால், அங்கே இடது பட்டனை அமுக்கினால் வலது பட்டன் வேலை நடக்கிறது. வலதை அமுக்கினால் இடது வேலை. ஐந்து மவுஸையும் மாற்றி மாற்றிச் செருகினார். ஐந்தும் அதே கூத்து.

சொன்ன பொய் பலித்துவிட்டது. கம்பத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் வைத்திருக்கும் அமானுல்லாவுக்குப் போன் போட்டு வரவழைத்தார்.

அமானுல்லா வந்து இரண்டு நிமிஷம் நோண்டினான். சிரித்தான்.

"அண்ணே, மவுஸெல்லாம் நல்லாத்தான் இருக்கு. மானிட்டரு லேப்டாப்புக்கு இடது பக்கம் இருக்குன்னு செட்டிங்குல போட்டிருக்கு. விர்ச்சுவல் மிஷினுக்குள்ள மட்டும் ரெண்டு பட்டனையும் மாத்தி வச்சிருக்காக. இங்கன பீச்சாங்கைக்காரவுக யாரோ உக்காந்து வேலை பாக்குறாக."

"போப்பா, இந்த வீட்டுல யாரு பீச்சாங்…"

வாய் பாதியில் நின்றது. ரேஷன் பையை இடது கையில் தூக்கிக்கொண்டு கிருபாவதி வாசலில் நின்றாள்.

"மதினி, டீயெல்லாம் வேணாம்" என்று யாரும் கேட்காமலே சொல்லிவிட்டு அமானுல்லா வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

"எப்ப இருந்து?" என்றார் சுருளிவேல், தரையைப் பார்த்தபடி.

"நீங்க மொத மவுஸு வாங்கப் போறதுக்கு முந்தின நாளே கம்பெனில இருந்து போன் வந்துச்சு. மூணாவது டெஸ்ட்டு எழுதலேன்னா வேற ஆளப் போட்டுருவோம்னாக. நான் எழுதட்டுமான்னு கேட்டேன். எழுதுங்கன்னாக."

"பாஸா?"

"ஒரே ஒரு தப்பு."

"அப்ப நான் ரெண்டு தடவ…"

"அதையும் போன்ல சொன்னாக."

சுருளிவேலுக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. பெயிலானதுகூட இப்போது பெரிதாகத் தெரியவில்லை. அதை இவளிடம் மறைத்தோமே என்பதுதான் வெட்கமாக இருந்தது. 'நீ கை வைக்காத' என்று அன்றைக்குச் சொன்னது அதைவிட வெட்கமாக இருந்தது.

"எல்லாம் தெரிஞ்சுமா என்னையக் குமுளி வரைக்கும் அனுப்புன?"

"நீங்க வீட்டுல இருந்தா நான் எப்படி வேலை பாக்குறது? தெனமும் அந்த டிவிப் பெட்டி மாதிரி இருக்கிறத பீச்சாங்கைப் பக்கம் தூக்கி வச்சு, கம்பெனில போன்ல சொல்லிக் குடுத்தபடி செட்டிங்கையும் மாத்தி, வேலைய முடிச்சு, எல்லாத்தையும் பழையபடி மாத்தி வச்சிருவேன். சனிக்கிழம நீங்க பொசுக்குனு வந்துட்டீக. பெட்டிய மட்டுந்தான் தூக்கி வைக்க முடிஞ்சது."

"கிருபா, நான் செஞ்சது தப்புதான்…"

போன் அடித்தது. அவளே எடுத்தாள். சென்னைக் குரல் கணீரென்று வெளியே கேட்டது.

"கிருபாவதி மேடம், இனிமே ஐ.டி.யை உங்க பேருக்கே மாத்திடறோம். ஆமா, முன்னாடி சுருளிவேல்னு ஒருத்தர் வேலை பார்த்தாரே, அவர் என்ன ஆனார்?"

கிருபாவதி புருஷனை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தாள். கையெடுத்துக் கும்பிடாத குறையாக நின்றுகொண்டிருந்தார். அவளுக்கு மனசு இளகிவிட்டது போலிருந்தது. மஞ்சப்பையை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, ரிசீவரில் சொன்னாள்:

"அவுகளா? ஆறாவது மவுஸு வாங்கப் போயிருக்காக."