ஐந்து பிளாப்பியும் ஒரு புத்தகமும்

நியாயம் என்ற ஒன்று இன்னும் இந்தப் பூமியில் நடமாடுகிறது என்றால் அதற்குக் காரணம் நீதிமன்றங்கள் அல்ல, மத்தியஸ்தர்கள். அதிலும் காரைக்குடி வட்டாரத்து மத்தியஸ்தர்கள். அதிலும், தன்னடக்கத்தோடு சொல்கிறேன், செக்காலை ரோடு மரக்கடை வைரவனாகிய நான். எழுபத்தாறு வயதுக்குள் பத்தொன்பது பாகப்பிரிவினைகள் செய்து வைத்திருக்கிறேன். நான் பிரித்து வைத்த பத்தொன்பது குடும்பங்களில் போன ஆனி மாதம் வரை ஒன்றுகூட மறுபடி சேர்ந்ததில்லை. வேலை அவ்வளவு சுத்தம்.

அவற்றில் தலையாய தீர்ப்பு 1996-இல் வழங்கப்பட்டது. கட்சிக்காரர்கள் என் சித்தப்பா மக்கள்: மூத்தவன் முத்துவேல், இளையவன் நவநீதகிருஷ்ணன். நகைப் பட்டறைக் குடும்பத்தில் பிறந்து, காலத்தை முந்திக்கொண்டு கம்ப்யூட்டர் சென்டர் வைத்தவர்கள். பகலில் மாணவர்களுக்கு டாஸ் கட்டளைகள் கற்பிப்பார்கள். மாணவர்கள் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு 'ஆராய்ச்சி'யில் இறங்குவார்கள். ஆராய்ச்சி என்பது சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு கப்பல் விளையாட்டு. ஐந்து பிளாப்பி, கூடவே ஒரு தடித்த புத்தகம். துறைமுகம் துறைமுகமாகப் போய்ச் சரக்கு ஏற்ற வேண்டும். கொள்ளைக்காரன் வந்தால் பீரங்கியால் சுட வேண்டும். அந்தச் சென்டருக்கு மூன்று சாவிகள். அண்ணனிடம் ஒன்று, தம்பியிடம் ஒன்று, அவசரத்துக்கு இருக்கட்டும் என்று நடுநிலையான என்னிடம் ஒன்று.

முத்துவேல் எட்டு மாதம் உழைத்து, விளையாட்டுக் கணக்கில் நானூற்றுப் பன்னிரண்டு நாள் கப்பல் ஓட்டி, அந்தப் பிளாப்பியிலேயே சேமித்து வைத்திருந்தான். ஒரு நாள் வந்து பார்த்தால் சேமிப்புப் பட்டியலில் 'நாள் 412' இருந்த இடத்தில் 'நாள் 1' என்று இருந்தது. யாரோ அதன் மேலேயே புதுக் கப்பலைச் சேமித்துவிட்டார்கள். அது எவன் கப்பல் என்று திறந்து பார்க்கக்கூட முத்துவேலுக்குப் பொறுமையில்லை. நேரே போய்த் தம்பியின் சட்டையைப் பிடித்தான்.

மறுநாள் காலை ஆறு மணிக்கே நான் பஞ்சாயத்துக்கு ஆஜர். கூப்பிடுவதற்கு முன்பே போய்விடுவது என் வழக்கம்.

கம்ப்யூட்டர் ஆளுக்கு ஒன்று, பிரச்சினை இல்லை. விளையாட்டை எப்படிப் பிரிப்பது? பட்டறைத் தராசைக் கொண்டுவரச் சொன்னேன். ஒரு தட்டில் பிளாப்பிகள், மறு தட்டில் புத்தகம். புத்தகத் தட்டு இறங்கிற்று. காலி அட்டைப்பெட்டியையும் பிளாப்பியோடு சேர்த்து வைத்தேன். முள் நேராக நின்றது. அண்ணனுக்குப் பிளாப்பியும் பெட்டியும், தம்பிக்குப் புத்தகம்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. அந்த விளையாட்டு, திறக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி கேட்கும்: புத்தகத்தில் இன்ன பக்கம், இன்ன வரி, இன்ன சொல் எது? திருட்டு நகல் எடுப்பவர்களைத் தடுக்க அப்படி ஓர் ஏற்பாடு. ஆக, புத்தகம் இல்லாமல் பிளாப்பி திறக்காது. பிளாப்பி இல்லாத புத்தகம் வெறும் புத்தகம். இருவருக்கும் சரிசமமாக ஒன்றும் கிடைக்கவில்லை. பாரபட்சமின்மைக்கு இதைவிட நல்ல இலக்கணம் கிடையாது.

இருபத்தெட்டு ஆண்டுகள் தீர்ப்பு ஆடவில்லை, அசையவில்லை. அண்ணன் காரைக்குடியில், தம்பி அரியக்குடியில். நடுவில் நாலு மைல்கூட இல்லை, பேச்சும் இல்லை.

போன ஆனி மாதம் முத்துவேலின் மகள் ராஜப்ரியா பெங்களூரிலிருந்து வந்து இறங்கினாள். ஆவணியில் அவளுக்குக் கல்யாணம். பத்திரிகையில் சித்தப்பா பேர் போட வேண்டும் என்று அவள் கேட்க, "அவன் பேரப் போட்டா எம்பேர எடுத்துரு" என்று அப்பன் சொல்லியிருக்கிறான். அவள் பரணிலிருந்த பிளாப்பிகளைக் கேட்டு வாங்கி, பூஞ்சை துடைத்து, உள்ளே இருந்ததையெல்லாம் உள்ளங்கை அகலத்தில் இருந்த ஒரு விளையாட்டுக் கருவிக்குள் ஏற்றி, அப்பன் கையில் கொடுத்துவிட்டாள்.

விவரம் கேட்க நானும் போயிருந்தேன்.

"இதுக்குள்ள எமுலேட்டர்னு ஒண்ணு இருக்கு பெரியப்பா. புது மெஷினு, தன்னைப் பழைய கம்ப்யூட்டர்னு நெனச்சுக்கிட்டு ஓடும்."

"வேகமா ஓடுமா?"

"வேகமா ஓடுனா கப்பல் கண்ணுக்கே தெரியாது. நம்மளே கொறச்சு வைக்கணும்."

நான் வியந்து போனேன். எத்தனை புதுக் கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டாலும் அதைப் பழைய வேகத்திலேயே ஓட்டும் வித்தையை நம் அலுவலகங்கள் எந்த மென்பொருளும் இல்லாமல் எப்போதோ சாதித்துவிட்டன. உலகம் இப்போதுதான் அங்கே வந்து சேர்ந்திருக்கிறது.

முத்துவேல் பொத்தானை அமுக்கினான். கப்பல் வந்தது, கடல் வந்தது, கேள்வியும் வந்தது: பக்கம் 42, வரி 3, சொல் 2.

அவன் முகம் தொங்கிப்போயிற்று. "பொஸ்தகம் அங்குட்டுல்ல இருக்கு" என்றான். பேர் சொல்ல மாட்டான். 'அங்குட்டு' என்றால் தம்பி.

"நெட்டுல தேடவாப்பா?"

"வேணாம். பங்கு பங்குதான். அண்ணே, நீங்க ஒரு போன் போட்டுக் கேளுங்க."

இப்படியாக நான் மீண்டும் பதவியேற்றேன். வாசலுக்கு வந்து அரியக்குடிக்குப் போன் செய்தேன். நவநீதனிடம் விஷயத்தைச் சொன்னேன். விளையாட முடியாவிட்டாலும் இருபத்தெட்டு வருஷமாக அந்தப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருக்கிறானாம்.

"நாப்பத்திரெண்டா? புரட்டவே வேணாம்ணே. ஹார்பர்."

உள்ளே வந்து "போர்ட்" என்றேன். பொருள் ஒன்றுதான், எழுத்து குறைவு, முத்துவேலின் விரலுக்குச் சிரமம் தரக்கூடாது. விளையாட்டு ஏற்கவில்லை. வேறு கேள்வி கேட்டது. நவநீதன் "கேனன்" என்றான். கல்யாண வீட்டில் பீரங்கி என்ற சொல் எதற்கு என்று "பீஸ்" என்று சொன்னேன். அதையும் ஏற்கவில்லை. மூன்றாவதாக அவன் சொன்ன சொல் "கேப்டன்". அந்தச் சொல்லை என் வாயால் உச்சரிக்க ஏனோ மனம் வரவில்லை. "கிளார்க்" என்றேன்.

மூன்றாவது தப்பை விளையாட்டு பொறுக்காது. கறுப்புத் திரையில் ஒற்றைக் கோடு மட்டும் கண் சிமிட்டியது.

"தெறந்துச்சாண்ணே?" என்று நவநீதன் போனில் காத்திருந்தான்.

"இல்லையப்பா. புத்தகம் வேற பதிப்போ என்னமோ. தப்பா இருக்கு."

மத்தியஸ்தத்தில் எனக்கு ஐம்பது வருஷ அனுபவம். ஆனாலும் சறுக்கிவிட்டேன். அவனை என்ன சொல்லியிருந்தாலும் பொறுத்திருப்பான். புத்தகத்தைச் சொல்லிவிட்டேன்.

கால் மணி நேரத்தில் ஸ்கூட்டர் சத்தம். நவநீதன் வாசலில் நின்றான், கக்கத்தில் பிளாஸ்டிக் உறை போட்ட புத்தகம்.

"எந்தப் பக்கம் தப்புன்னு அவுகளக் காட்டச் சொல்லுங்கண்ணே."

முத்துவேல் சுவரைப் பார்த்துக்கொண்டு, "வந்தவுகள உக்காரச் சொல்லுங்கண்ணே" என்றான்.

நவநீதன் உட்கார்ந்தான். ராஜப்ரியா மறுபடி திறந்தாள். பக்கம் 17, வரி 9, சொல் 4.

"பக்கம் பதினேழுன்னு சொல்லுங்கண்ணே."

"வரி மேலருந்தா, கீழருந்தான்னு கேளுங்கண்ணே."

இருவருக்கும் நடுவே மூன்றடி. நான் நிதானமாக ஒவ்வொன்றையும் வாங்கி, ஒரு மூச்சு விட்டு, மறுபக்கம் வழங்கிக்கொண்டிருந்தேன். அவசரப்படுவது பதவிக்கு அழகல்ல.

"மேலருந்துதாண்டா, எண்ணு!" என்று முத்துவேல் கத்திவிட்டான்.

"எண்ணிட்டேன்! தலைப்பையும் ஒரு வரியாச் சேக்கணுமா?"

"சேக்காத!"

"அப்பன்னா 'ஸ்டார்ம்'. எழுதும்மா, ஸ்டார்ம்."

இருபத்தெட்டு வருஷத்தில் அவர்கள் நேராகப் பேசிக்கொண்ட முதல் வாக்கியங்கள் இவை. என் பதவி என் கண்ணெதிரே பறிபோயிற்று.

ராஜப்ரியா ஒவ்வோர் எழுத்தாக நகர்த்தி எழுதினாள். விளையாட்டு திறந்தது. சேமிப்புப் பட்டியல் வந்தது. நாள் 1.

முத்துவேல் திரையில் விரலை வைத்தான். "பாரு. நானூத்திப் பன்னெண்டு நாளு."

"நான் தொடலண்ணே. அன்னைக்கும் அதான் சொன்னேன்."

"சாவி ஒங்கிட்டதான இருந்துச்சு?"

"தெறந்து பாத்தா தெரிஞ்சுட்டுப் போகுது" என்றாள் ராஜப்ரியா.

இந்த இடத்தில்தான் நான் தலையிட்டேன். "வேணாம்மா. பேட்டரி போயிரும்."

"ஆறு மணி நேரம் வரும் பெரியப்பா."

"கண்ணுக்குக் கெடுதி."

"உங்க கண்ணை மூடிக்கங்க."

திறந்தாள். புதுக் கப்பல் துறைமுகத்தில் ஆடிக்கொண்டு நின்றது. கீழே அதன் தலைவன் பேர், ஆங்கிலத்தில். திரை மூன்றரை அங்குலம்தான். மூன்றரை அங்குலத்தில் ஒரு பேர் அவ்வளவு தெளிவாகத் தெரியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

நவநீதன் திரையருகே குனிந்து அதை எழுத்து எழுத்தாகப் படித்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்: "அண்ணே, ஒங்க பேரு இங்கிலீஷ்ல எந்த எழுத்துல ஆரம்பிக்கும்?"

"வி" என்றேன். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வது நல்ல சாட்சிக்கு அடையாளம்.

நடந்தது இவ்வளவுதான். 1996-இல் ஒரு மத்தியானம், மூன்றாவது சாவியால் சென்டரைத் திறந்து, யாரும் இல்லாதபோது கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தேன். அது என் பேரைக் கேட்டது, சொன்னேன். காப்பாற்றி வைக்கட்டுமா என்று கேட்டது. ஓர் இயந்திரம் அவ்வளவு மரியாதையாகக் கேட்கும்போது வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? பிளாப்பியையும் புத்தகத்தையும் ஒரே வீட்டில் விட்டுவைத்தால் கப்பல் திறக்கும், என் பேர் தெரியும். ஆகவே தராசு.

"தராசுல நிறுத்தீகளேண்ணே" என்றான் முத்துவேல். தம்பியின் கையைப் பிடித்தான். பிடித்தது சட்டையை அல்ல என்பதைக் குறித்துக்கொண்டேன்.

ஆவணியில் கல்யாணம் நன்றாக நடந்தது. பத்திரிகையில் சித்தப்பா பேர் முதல் வரியில். என் பேரும் கடைசியில் இருந்தது, 'கேப்டன்' என்ற பட்டத்தோடு.

தண்டனையை அண்ணனும் தம்பியும் ஒருமனதாக முடிவு செய்தார்கள். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு நான் போய் அவர்கள் முன்னால் உட்கார வேண்டும். என் கப்பலை எடுத்து, கொள்ளைக்காரர்கள் நடுவே விட்டு, மூழ்கடிப்பார்கள். எமுலேட்டரில் இன்னொரு வசதி இருக்கிறது: எந்த நொடியையும் அப்படியே பிடித்து வைத்துத் திரும்ப எடுக்கலாம். மூழ்குவதற்கு முந்தைய நொடியைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். நேற்று மட்டும் பதினொரு முறை.

தீர்ப்பில் குறை சொல்ல மாட்டேன். இருபத்தெட்டு வருஷத்துக்கு நாளுக்கொரு முறை என்று கணக்குப் பார்த்தால் இன்னும் நிறைய பாக்கி இருக்கிறது. இதற்கிடையில் மற்ற பதினெட்டுக் குடும்பங்களும் வந்து எதையெதையோ விசாரித்துவிட்டுப் போகின்றன.

உங்கள் வீட்டில் அண்ணன் தம்பி பிரச்சினை ஏதும் இருந்தால் தயங்காமல் சொல்லி அனுப்புங்கள். கூப்பிடுவதற்கு முன்பே வந்துவிடுவேன். சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறு வரை மட்டும் இயலாது. அப்போது நான் மூழ்கிக்கொண்டிருப்பேன்.