சரோல்தாவின் அலறல்

"பன்னியை எப்பண்ணே வெட்டப் போறீங்க?" என்று வேலிக்கு மேலே தலையை நீட்டி எதெல்கா கேட்டபோது, பொல்டிஷார் அந்தப் பன்றியின் வயிற்றைச் சொறிந்துவிட்டுக்கொண்டிருந்தார்.

கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். "கொழுப்பு எவ்வளவு ஏறியிருக்குன்னு பார்க்கிறேன்."

"அது தூங்குது."

"கொழுப்பு ஏறினா தூக்கம் வரும்."

"தெருவுல எல்லார் வீட்டுத் தட்டும் உங்களுக்கு வந்தாச்சு. உங்க வீட்டுத் தட்டுதான் பாக்கி. தனியாளா முடியலைன்னா சொல்லுங்க, எங்க வீட்டுக்காரரைக் கத்தியோட அனுப்பறேன்."

பின்னால் நின்ற அவள் கணவன் வென்செலின் முகம் வெளுத்திருந்தது. குளிர் அப்படி.

"ஐயோ, வேண்டாம்! சனிக்கிழமை நானே முடிச்சிடறேன்" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார் பொல்டிஷார்.

பன்றி வெட்டிய வீட்டிலிருந்து அக்கம்பக்கத்துக்கு, குடலில் கறி அடைத்துச் செய்த சாசேஜ் ஒரு தட்டு போயாக வேண்டும். வாங்கித் தின்றுவிட்டுத் திருப்பி அனுப்பாதவனை கிஷ்பெரெக் கிராமத்தில் யாரும் மனிதனாக மதிப்பதில்லை. முன்பெல்லாம் தெருவே கூடி நின்று வெட்டும். இப்போது சில வருடங்களாக அவரவர் கதவைச் சாத்திக்கொண்டு அவரவர் பன்றியை முடித்துக்கொள்கிறார்கள். அலறல் கேட்கும், மயிர் பொசுக்கும் வைக்கோல் புகை எழும், மறுநாள் தட்டு வரும். பொல்டிஷாரும் மிளகாய்த்தூள் மணக்கும் அந்த சாசேஜைச் சாப்பிடுவார். சரோல்தா பார்த்துவிடாதபடி ஜன்னலைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவார்.

சரோல்தா என்பது பன்றியின் பெயர். புடாபெஸ்டுக்குப் பன்றிகளை ஏற்றிப் போன லாரி ஒன்று வளைவில் குலுங்கியதில் இரண்டு குட்டிகள் பள்ளத்தில் விழுந்தன. இரண்டையும் கோட்டுக்குள் பொத்தி எடுத்துவந்தார். ஒன்று அந்த வாரமே அவர் மடியில் உயிரை விட்டது. அதற்குப் பெயர்கூட வைத்திருக்கவில்லை. அதற்காக அழுதார். பன்றிக்காக அழுதேன் என்று இந்தத் தெருவில் யாரிடம் போய்ச் சொல்வது? பிழைத்த சரோல்தாவுக்குக் கால் ஊனம். ஆனாலும் அவர் செருப்புச் சத்தம் கேட்டால் நொண்டிக்கொண்டே ஓடிவருவாள். அவள் இல்லாத வீட்டை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

சனிக்கிழமை காலையில் வெளிக்கதவைச் சாத்தி, முற்றத்தில் வைக்கோலைக் கொளுத்தினார். புகை பிரமாதமாக எழுந்தது. அலறல்தான் வரவில்லை. கொட்டகைக்குள் போய்ச் சரோல்தாவின் காதைத் திருகினார். கொஞ்சுகிறார் என்று நினைத்து அவள் மல்லாந்து வயிற்றைக் காட்டினாள். தகரத்தைத் தட்டினார். கொட்டாவி விட்டாள்.

"என்னண்ணே, புகை வருது, சத்தத்தைக் காணோம்?" என்றாள் எதெல்கா வேலிக்கு அப்பாலிருந்து. "உசிரோடவே பொசுக்கறீங்களா?"

வேறு வழியில்லை. பொல்டிஷார் கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு தானே அலறினார். முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு செத்துப்போன குட்டியின் நினைவு வந்தது, அலறல் தானாகவே வந்தது. சரோல்தா எழுந்து உட்கார்ந்து அவரை மரியாதையோடு பார்த்தாள்.

"பெரிய உருப்படிதான் போல!" என்று எதெல்கா பாராட்டினாள்.

செத்த பன்றி கொட்டகையில் நடமாடக் கூடாதே. சமையலறைக்குக் கூட்டிவந்தார். அலற வேண்டியபோது வாயைத் திறக்காதவள், அடுப்புச் சூடு உடம்பில் ஏறியதும் அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கு ஊரைக் கூட்ட ஆரம்பித்தாள். அவள் கத்தும்போதெல்லாம் அதை அமுக்க, பொல்டிஷார் ஜன்னலோரம் நின்று தேவாலயப் பாட்டுகளை உச்சஸ்தாயியில் பாடினார். ஞாயிறு மாலைக்குள் தொண்டை சுத்தமாகக் கட்டிவிட்டது.

"ஒரு பன்னிக்கு இவ்வளவு ஜெபமாண்ணே?" என்றாள் எதெல்கா. "சரி, தட்டு எப்ப?"

"நாளைக்கு" என்றார். காற்றுதான் வந்தது.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் டவுனுக்குப் போனார். அங்கே அவரைத் தெரிந்தவர்கள் யாரும் கிடையாது. ஆனாலும் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு, சந்தைக்குப் பின்னால் இருந்த கறிக்கடைக்குள் நுழைந்தார்.

"சாசேஜ் வேணும்" என்று கடைக்காரப் பெண்ணிடம் கிசுகிசுத்தார். "வீட்டுல செஞ்ச மாதிரி இருக்கணும்."

அவள் ஒரு சாசேஜ் சரத்தை எடுத்தாள். கடை முத்திரையைக் கிழித்தாள். முனைகளை இறுக்கியிருந்த இரும்புக் கவ்விகளைக் கழற்றிவிட்டு நூல் கயிற்றால் கோணல்மாணலாகக் கட்டினாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"கிஷ்பெரெக்கா மாமா?"

அவர் திடுக்கிட்டுத் தலையை ஆட்டினார்.

"அதானே பார்த்தேன். பனி விழ ஆரம்பிச்சா உங்க தெருவே ஒவ்வொருத்தரா இங்க வருது, ஒருத்தருக்கும் தொண்டை இருக்கிறதில்ல. போன மாசம் வந்த வென்செல் அண்ணனுக்குக் காத்துகூட வரல, சைகையிலதான் கேட்டாரு!"