முக்கோணத்திலிருந்து தொடங்குபவர்

எல்லா ஊரிலும் உண்டு என்றாலும், பனிதேசத்துத் தம்பெரே நகரின் எங்கள் அடுக்குமாடியில் இந்த வகை கொஞ்சம் அதிகமாகவே விளைகிறது. 'நானே எழுதிக்கொள்கிறேன்' ஆசாமி. கணினியில் முப்பரிமாணப் படம் வரைய ஊரே கூடி எழுதிவைத்த நிரல்கள் இலவசமாகக் கிடக்கின்றனவே, எடுத்துக்கொள்ளுங்களேன் என்று இவரிடம் சொல்லிப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் பல் தேய்க்கும் பிரஷை நீட்டியதுபோல் முகத்தைச் சுளிப்பார்.

என் கீழ்வீட்டு தெப்போ அப்பேர்ப்பட்டவர். அவர் மனைவி மிர்வா கேட்டது ஒன்றே ஒன்று: பாத்திரத் தொட்டிக்கு மேலே, கழுவிய தட்டுகளை ஈரத்தோடு அடுக்கினால் நீர் வடிந்து காய்கிற அலமாரி. பழையது இற்றுப்போயிருந்தது. புதிது செய்யத் தச்சருக்கு ஒரு படம் வேண்டும். காகிதத்தில் நாலு கோடு போட்டால் முடிந்தது. தெப்போ விடுவாரா? அலமாரி என்பது பலகைகள், பலகை என்பது முக்கோணங்கள், முக்கோணம் என்பது புள்ளிகள் என்று புள்ளியிலிருந்து ஆரம்பித்தார். பனி விழுந்தது, உருகியது, ஏரிக்கரைக் குடிலுக்குப் போய் வந்தார்கள், மறுபடி பனி விழுந்தது. மிர்வா தட்டுகளை ஜன்னல் விளிம்பில் காயவைத்துக்கொண்டிருந்தார். சவுனா என்கிற நீராவி அறையின் வெக்கையில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, தூரத்துப் பொருள் சிறிதாகத் தெரிய எதை எதால் வகுக்கவேண்டும் என்று தெப்போ விளக்குவார். நான் கேட்டேனா?

ஒருவழியாக அலமாரி, சமையலறைச் சுவரோடு சேர்ந்து, திரையில் சுழன்றது. அழகாகத்தான் சுழன்றது, பொய் சொல்லக்கூடாது. படத்தைப் பார்த்துத் தச்சர் தயங்கினாராம். கணக்கு தப்பாது என்று தெப்போ அதட்டினாராம். தச்சரும் படத்தில் உள்ளபடியே செய்து மாட்டிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை பட்டாணி சூப்புக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். அப்போதுதான் தெரிந்தது. நிரலில் எங்கேயோ ஒரு கழித்தல் குறி விட்டுப்போய், இடம் வலமாகியிருந்தது. ஈரத்தட்டு அலமாரி தொட்டிக்கு மேலே இல்லை. அடுப்புக்கு மேலே இருந்தது.

"தெப்போ, சூப்புல தட்டுத் தண்ணி சொட்டுது," என்றார் மிர்வா.

தெப்போ அண்ணாந்து பார்த்தார். "புரோகிராம் சரியாத்தான் இருக்கு. வீட்டத்தான் மாத்திக் கட்டிட்டாங்க."

"அப்ப சூப்பையும் நீயே எழுதிக்கோ." கரண்டியை அவர் கையில் திணித்துவிட்டு மிர்வா தன் அக்கா வீட்டுக்குக் கிளம்பினார். எனக்கே அழுகை வந்தது, பசி வேறு.

கதவு சாத்திய பிறகு தெப்போ பானைக்குள் உற்றுப் பார்த்தார். "பட்டாணி உருண்டை. இதுக்கு நிறைய முக்கோணம் வேணும்," என்றார்.

சிரிக்கிறீர்கள். சரி. ஆனால் அந்தக் கழித்தல் குறி எங்கே விட்டுப்போயிருக்கும் என்று நடுவில் ஒரு கணம் யோசித்தீர்களா? யோசித்திருந்தால், உடனே எழுந்துபோய் உங்கள் வீட்டுத் தட்டுகள் எங்கே காய்கின்றன என்று பார்த்துவிட்டு வாருங்கள்.