தள்ளுக் கடன்

ஒரு காலத்தில் முத்துவீரப்பன் பினாங்கில் பாதிப் பேருக்குக் கடன்பட்டிருந்தார். பணக் கடன் என்று நினைத்துவிடாதீர்கள். பணத்தில் மனிதர் சுத்தம். பினாங்குத் தெருவில் வெங்காயமும் வற்றல் மிளகாயும் மொத்த வியாபாரம். எவனுக்கும் ஒரு காசு பாக்கி வைத்ததில்லை. அவர் பட்டதெல்லாம் தள்ளுக் கடன். அதாவது, அவருடைய மோட்டார் வண்டியைப் பின்னால் நின்று தள்ளிவிட்டவர்களுக்குப் பட்ட கடன்.

இந்த இனத்தை உங்களுக்குத் தெரியும். ‘இன்னும் ஓடும்’ இனம். கையில் காசு இருக்கும், சாமான் செத்துக்கொண்டிருக்கும், புதியது வாங்கவும் மாட்டார், வாங்கப் போவதில்லை என்று சொல்லவும் மாட்டார். வாங்கப் போகிறவராகவே வருஷக்கணக்கில் வாழ்வார். ஒருவர் வீட்டில் அது குடையாக இருக்கும், இன்னொருவர் வீட்டில் மூக்குக் கண்ணாடியாக இருக்கும், வேறொருவர் கடையில் எழுபது வயதுக் கணக்கப்பிள்ளையாக இருக்கும். எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: “இன்னும் ஓடும்லா!”

முத்துவீரப்பனிடம் அது பேட்டரி.

ஊருக்குத் திரும்பிய ஒரு தோட்டத்துத் துரையிடம் மலிவாக வாங்கிய வண்டி அது. வண்டி நல்ல வண்டி. பேட்டரிதான் துரை இருந்த காலத்திலேயே அந்திமத்தில் இருந்தது. பொத்தானை அழுத்தினால், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எழுப்பிய குமாஸ்தா மாதிரி ஒரு முனகல். இன்னொரு தரம் அழுத்தினால் அதுவும் இல்லை. முன்னால் கம்பியைச் செருகிச் சுற்றினால் கிளம்பாதா என்று கேட்பீர்கள். கிளம்பும். ஒருநாள் சுற்றினார். கம்பி திருப்பி அடித்தது. மணிக்கட்டு பூசணிக்காய் ஆனது. அன்றைக்குக் கம்பியைத் துணியில் சுற்றிப் பின் இருக்கைக்கு அடியில் வைத்தவர்தான், அப்புறம் அதன் முகத்தில் விழிக்கவில்லை.

மிச்சம் இரண்டே வழி. ஒன்று, சரிவில் நிறுத்தி உருட்டிவிடுவது. இரண்டு, தள்ளுவது.

சரிவுக்கு எங்கே போவது? ஜார்ஜ் டவுனைக் கட்டியவன் தோசைக்கல்லைப் பார்த்துக் கட்டியவன். படகுத்துறையிலிருந்து பர்மா ரோடு வரைக்கும் ஒரு சாண் மேடு கிடையாது. ஆகவே முத்துவீரப்பனின் சிநேகிதம், உறவு, பக்தி எல்லாமே மேட்டைப் பார்த்து நகர்ந்தன. கால்வாய்ப் பாலத்து ஏற்றத்தில் ஒரு சாயாக்கடை. சாயா வாயில் வைக்க வழங்காது. அங்கேதான் தினமும் குடித்தார். தண்ணீர்மலைக் கோயிலுக்கு வாரம் இரண்டு தரம் போனார். “என்ன பக்தி, என்ன பக்தி!” என்று ஊர் கன்னத்தில் போட்டுக்கொண்டது. முருகன் மலைமேல் இருந்தது அவருக்கு எவ்வளவு சௌகரியம் என்பது முருகனுக்குத்தான் தெரியும்.

மற்ற இடங்களுக்கெல்லாம் தள்ளு. தள்ளுவதற்கு ஆள் வேண்டும். ஆள் எப்படிச் சேரும்? இங்கேதான் அவருடைய தாராள குணம் பிறந்தது. சாலையில் தெரிந்த முகத்தைக் கண்டால் வண்டி மெதுவாகும். “எங்க தம்பி நடந்து போறீங்க? ஏறுங்கலா! நம்ம காடி எதுக்கு இருக்கு?” என்பார். எல்லாரையும் அல்ல. முதலில் தோளைப் பார்ப்பார், அப்புறம்தான் முகம். ஒல்லிப் பிச்சானாக ஒருவன் நடந்து போனால், “வெயில் உடம்புக்கு நல்லதுப்பா” என்று வாழ்த்திவிட்டுப் போய்விடுவார். துறைமுகத்துக் கிராணி ஆரோக்கியநாதனுக்கு மாத்திரம் நிரந்தர இடம். பேனா பிடிக்கிற வேலைதான் என்றாலும், மூட்டை தூக்குகிறவர்களே அண்ணாந்து பார்க்கிற தோள்.

இப்போது கணக்கைக் கவனியுங்கள். நான் மூன்றாம் வாய்ப்பாட்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இன்றைக்கு மூன்று லாரி வைத்திருக்கிறேன். ஆகவே கணக்கு என்னிடம் கேட்கலாம். வண்டிக்குள் இருந்த முத்துவீரப்பன் என்ன நினைத்தார்? ‘ஊரையே ஓசியில் ஏற்றிக்கொண்டு போகிறேன், ஊர் எனக்குக் கடன்பட்டிருக்கிறது.’ பின்னால் தள்ளியவர்கள் என்ன நினைத்தார்கள்? ‘நாம் இல்லாவிட்டால் இந்த மனுஷன் வீடு போய்ச் சேர மாட்டார், பாவம், நமக்குக் கடன்பட்டிருக்கிறார்.’ இரண்டு பக்கமும் வரவு! இப்படிப்பட்ட வியாபாரம் உலகத்தில் எங்கேயாவது நடக்குமா? நாலு வருஷம் நடந்தது. எல்லாருக்கும் சந்தோஷம்.

அப்படியானால் பேட்டரி வாங்கும் எண்ணமே இல்லையா? யார் சொன்னது? ஒவ்வொரு சனிக்கிழமையும் டத்தோ கிராமட் ரோட்டில் லாரன்ஸ் வைத்திருந்த பேட்டரிக் கடைக்குப் போவார். அது ஒரு பூஜை. அடுக்கி வைத்திருக்கும் ஒவ்வொன்றையும் தூக்கி எடை பார்ப்பார். விரலை மடக்கித் தட்டி, தேங்காய்க்குக் காது கொடுப்பது மாதிரி காது கொடுப்பார். மூடியைத் திருகி மோந்து பார்ப்பார். இங்கிலீஷ் சாமானா, அமெரிக்காவா, ஜப்பானா என்று விசாரித்து, எந்த நாட்டின் பெயரைச் சொன்னாலும் உதட்டைப் பிதுக்குவார்.

“எவ்வளவு தம்பி இது?”

“இருபத்தெட்டு வெள்ளிண்ணே. போன வாரமும் இருபத்தெட்டுதான்.”

“பாரமா இருக்கே.”

“ஈயம்ணே. பஞ்சு அடைச்சு விக்கச் சொல்றீங்களா?”

“இது எத்தன வருஷம் வரும்?”

“ரெண்டு வருஷத்துக்குக் குறையாது. ஒழுங்கா தண்ணி ஊத்தினா மூணு.”

“மூணே வருஷமா!” என்று நெஞ்சில் கைவைப்பார் முத்துவீரப்பன். “எங்கிட்ட இருக்கிறது ஏழு வருஷமா இருக்கே தம்பி!”

“இருக்குண்ணே. செத்துப் போயி இருக்கு.”

“கப்பல் வரட்டும். அடுத்த மாசம் வெல இறங்குதுன்னு பேச்சு.” பூஜை முடிந்தது. லாரன்ஸ் தலையில் அடித்துக்கொண்டு, மற்ற வேலையை அப்படியே போட்டுவிட்டு, வண்டியைத் தள்ளிவிடுவார்.

என் முதல் லாரிக்கு நான் பேட்டரி வாங்கப் போனபோது கடையில் இருந்தது கால்மணி நேரம். காட்டினான், கொடுத்தேன், வந்தேன். அது ஒரு பெருமையா என்றால், பெருமைதான்.

இப்படி இருக்கையில்தான் நம் தமிழர் வாசகசாலைத் தலைவர் வயதாகிவிட்டது என்று விலகினார். முத்துவீரப்பனுக்கு அந்த நாற்காலிமேல் ஆசை வந்தது. சாதாரண ஆசையா? வாழ்நாளில் அவரை முதலாளி என்று கூப்பிட்டிருக்கிறார்கள், அண்ணே என்று கூப்பிட்டிருக்கிறார்கள். ‘தலைவரே’ என்று ஒரு குரல் கூப்பிட்டதில்லை. அந்த ஒரு சொல்லுக்காகத் தூக்கம் போயிற்று. சூலியா தெருத் தையல்காரரிடம் கறுப்புக் கோட்டுக்கு அளவு கொடுத்தார். வாசகசாலைச் சுவரில் தன் படத்தை மாட்ட எந்த ஆணி தோது என்றுகூடப் பார்த்து வைத்துவிட்டார். எதிரில் நின்றவர் திருநாவுக்கரசு. துணிக்கடைக்காரர். சைக்கிளில் போகிறவர். சைக்கிளில் யாரை ஏற்ற முடியும்? ‘என் வண்டியில் ஏறாத வோட்டு எது?’ என்று முத்துவீரப்பன் மார்தட்டினார்.

அவர் மனைவி அலமேலுதான் ஊசியை ஏற்றினார். “தலைவராகப் போறவரு வண்டிய, வோட்டுப் போட வர்றவங்களே வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டுத் தள்ளினா, கூட்டத்து வாசல்ல பாக்க ரொம்ப லட்சணமா இருக்கும். கோட்டு வேற!”

சுருக்கென்றது. சனிக்கிழமை லாரன்ஸ் கடைக்குப் போனார். தட்டவில்லை. மோக்கவில்லை.

“போடு தம்பி.”

லாரன்சுக்குக் காதை நம்ப முடியவில்லை. “எதைண்ணே?”

“அந்த இருபத்தெட்டு வெள்ளிய. போட்டுப் பாக்கிறேன். திருப்தின்னா திங்கக்கிழமை பணம். இல்லன்னா சாமான் வாபஸ்.”

பணம் என்று கேட்டால் பயந்து ஓடிவிடுவார் என்று லாரன்ஸ் அதற்கும் தலையாட்டினார். காலடிப் பலகையைத் தூக்கினால், உள்ளே வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்துப்போய், பழைய பேட்டரி ஒரு கோயில் குளத்துப் படிக்கட்டு மாதிரி இருந்தது. சோடா உப்புத் தண்ணீர் விட்டுக் கழுவி, கம்பிகளைச் சுரண்டி, புதியதை இறக்கி, முறுக்கி, வாஸ்லின் தடவி, “அமுக்குங்கண்ணே” என்றார்.

அழுத்தினார். விரல் எடுப்பதற்குள் வண்டி பாடிற்று. முத்துவீரப்பன் சுற்றுமுற்றும் பார்த்தார். இத்தனை நாள் இதற்கா அத்தனை பேர்?

அந்தக் கேள்விதான் அவருக்குச் சனியன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. கறுப்புக் கோட்டு. வோட்டுக்காரர்களை ஏற்றிவரக் கிளம்பினார். ஆரோக்கியநாதனும் இன்னும் இரண்டு பேரும் வழக்கமான முக்கில் நின்றிருந்தார்கள். வண்டியை நிறுத்தி எஞ்சினையும் அணைத்தார் முத்துவீரப்பன். திரும்பக் கிளப்பிக் காட்ட வேண்டுமே! மூன்று பேரும் பழக்க தோஷத்தில் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நேராகப் பின்பக்கம் போனார்கள்.

“அட, அங்க எதுக்குப் போறீங்க? ஏறுங்க!”

“ஒரு கை குடுத்துட்டு ஏறுறோம்ணே.”

“கை எதுக்குங்கிறேன்? ஏறுங்க. கால நல்லா தட்டிட்டு ஏறுங்க, மிதியடி புதுசு.”

நாலு வருஷமாகச் சேற்றோடு ஏறிய கால்கள். மூன்று பேரும் குனிந்து தட்டினார்கள். ஏறினார்கள். பொத்தான். பாட்டு.

“புது பேட்டரியாண்ணே?” என்றார் ஆரோக்கியநாதன்.

“முதல் தரம். இனிமே யார் தயவும் வேணாம்!”

முன்பெல்லாம் அந்த மூன்று பேரும் வண்டியைத் தங்கள் வண்டி மாதிரி ஆண்டவர்கள். “அண்ணே, பசார் பக்கம் திருப்புங்க, மீன் வாங்கணும்,” “கொஞ்சம் நில்லுங்க, வெத்தலை வாங்கிட்டு வரேன்” என்று அதிகாரம் பண்ணியவர்கள். தள்ளியவனுக்கு அந்த உரிமை உண்டல்லவா? இன்றைக்கு முழங்காலில் கைவைத்துக்கொண்டு, தர்மத்துக்கு ஏற்றப்பட்டவர்களாக உட்கார்ந்திருந்தார்கள். சூலியா தெரு முக்கில் பழைய தள்ளுகாரர்கள் ஐந்தாறு பேர் கையைத் தூக்கினார்கள். முத்துவீரப்பன் அதைக் கும்பிடு என்று எடுத்துக்கொண்டு, தலையை ஒரு சாண் அசைத்து, நிற்காமலே போனார். பின் இருக்கையில் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வாசகசாலையில் கை தூக்கும் வோட்டு. முத்துவீரப்பனுக்கு என்றபோது அவருடைய கடைக் கணக்கப்பிள்ளை தூக்கினார், தையல்காரர் தூக்கினார், இன்னும் ஒன்றிரண்டு. திருநாவுக்கரசுக்கு என்றபோது, அம்மாடி, வாழைத்தோப்பு காற்றில் எழுந்த மாதிரி எழுந்தன கைகள். நடக்கவிட்டுப் போன அந்த ஐந்தாறு பேர், வியர்வை காயுமுன் இரண்டு கையையும் தூக்கினார்கள். ஒன்றை இறக்கச் சொல்ல வேண்டியிருந்தது. சைக்கிள்காரர் தலைவரானார்.

“ஆரோக்கியநாதா, நீயுமா?” என்று வாசலில் மடக்கினார் முத்துவீரப்பன். “நாலு வருஷம் உன்ன ஓசியில ஏத்தினேனே!”

“ஏத்தினீங்களா?” ஆரோக்கியநாதனுக்கு நிஜமாகவே ஆச்சரியம். “நாங்கதானேண்ணே உங்கள ஏத்திக்கிட்டுப் போனோம்?”

திங்கட்கிழமை காலை வண்டி லாரன்ஸ் கடை வாசலில் வந்து நின்றது.

“கழட்டு தம்பி. சாமான் சரியில்ல.”

“கிளம்பலியா?”

“கிளம்புது. கிளம்பினதுதான் வினை. இதப் போட்ட மறுநாளே தோத்துட்டேன். பழசையே போடு.”

“பேட்டரிக்குத்தான் கேரண்டி குடுத்தேன்ணே, நாற்காலிக்குக் குடுக்கலியே.” லாரன்ஸ் துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். “பழசு அந்த மூலையில கிடக்கு. தாராளமா போட்டுத் தரேன். ஒண்ணே ஒண்ணு. எனக்கு இடுப்புப் பிடிப்பு. தள்ள ஆள் கூட்டிட்டு வந்துடுங்க.”

முத்துவீரப்பன் சாலையைப் பார்த்தார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே மட்டம். ஆரோக்கியநாதன் இரண்டு பேரோடு வேலைக்கு நடந்து போய்க்கொண்டிருந்தார்.

“தம்பி! ஒரு நிமிஷம்லா!”

“நேரமாச்சுண்ணே!” நிற்காமலே, முகம் நிறையச் சிரித்துக் கும்பிட்டார் ஆரோக்கியநாதன். “உங்களுக்கென்ன, பொத்தான அமுக்கினா போதும்!”

முத்துவீரப்பன் கடைக்குள் திரும்பினார். “பழசுக்கு எவ்வளவு கழிப்ப?”

“ரெண்டு வெள்ளி.”

“அஞ்சு.”

“ரெண்டு.”

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், என் லாரிக்காரனும் சிரித்தான். ஆனால் உங்கள் வீட்டிலும் கடையிலும் ‘இன்னும் ஓடும்’ என்று ஏதோ ஒன்று ஓடிக்கொண்டுதானே இருக்கிறது? அது தானாகவா ஓடுகிறது? எதற்கும் ஒருதரம் வண்டியை விட்டு இறங்கிப் பின்பக்கம் போய்ப் பாருங்கள். அங்கே மூச்சு வாங்க நிற்கிறவரைப் பார்த்து, ‘இவரை நான்தானே வைத்துக் காப்பாற்றுகிறேன்’ என்று உங்களுக்குத் தோன்றினால், சந்தேகமே வேண்டாம். நீங்கள் முத்துவீரப்பனுக்கு ஒன்றுவிட்ட தம்பி.

லாரன்ஸ் உள்ளங்கையை விரித்து நீட்டியபடி நின்றார். முத்துவீரப்பன் மடிப்பையை அவிழ்த்தார். ஒவ்வொரு நோட்டையும் இரண்டு பக்கமும் திருப்பி, ஒன்றோடு ஒன்று ஒட்டியிருக்கிறதா என்று ஊதி, எச்சில் தொட்டு, வாய்விட்டு எண்ணி வைத்தார். இருபத்தாறாவது வெள்ளியை வைத்த பிறகும், அவருடைய கட்டைவிரல் மாத்திரம் கொஞ்ச நேரம் அதன்மேலேயே இருந்தது.