வாசல் தாண்டாத செருப்பு

சிவநேசன் தம்முடைய அறுபத்தாறாவது வயதில் ஒரு சினிமாப் படத்தின்மேல் போர் தொடுத்தார். படத்தை அவர் இன்னும் பார்க்கவில்லை. பார்த்துவிட்டு எதிர்ப்பவனுக்கு ஆயிரம் சங்கடம். நடுவில் ஏதாவது ஒரு காட்சி பிடித்துத் தொலைத்துவிடும். பார்க்காதவனுக்கு அந்தத் தொல்லை கிடையாது.

போர் தொடங்கிய இடம், பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடையின் மாடி. முருகனடியார் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். வந்தவர்கள் பத்தொன்பது பேர். அதில் நாலு பேர், கீழே மனைவிமார் சேலை எடுத்து முடிக்கிறவரை உட்கார இடம் தேடி மேலே ஏறியவர்கள்.

விஷயம் இதுதான். புதிதாக ஒரு முருகன் படம் வந்திருக்கிறது. வள்ளி கல்யாணக் கதை. கிழவர் வேஷத்தில் வந்த முருகனுக்கு வள்ளி மசியவில்லை. அண்ணன் பிள்ளையார் யானையாக வந்து நின்றார். பயந்துபோன வள்ளி ஓடிப்போய்க் கிழவரைக் கட்டிக்கொண்டாள். பினாங்கில் தைப்பூசத்துக்கு ஒரு தடவை போனவனுக்கும் தெரிந்த கதை. இந்தப் படத்திலும் யானை வருகிறது, வள்ளி அலறுகிறாள், கிழவரைக் கட்டிக்கொள்கிறாள். அப்புறம் அவர் தோளுக்கு மேலே நம்மைப் பார்த்துக் கண்ணடிக்கிறாள். அவளுக்கு எல்லாம் முன்னாடியே தெரியுமாம்.

அந்த அரை நிமிஷம் பினாங்கிலுள்ள எல்லாக் கைப்பேசிக்கும் போய்விட்டது. ஊரே கொதித்தது. அதிகமாகக் கொதித்தவர் சிவநேசன்.

"முருகன ஏமாளி ஆக்கிட்டாங்க," என்று மேசையைத் தட்டினார். "வள்ளி பயந்துதான் புடிச்சா. பயந்துதான். அத யாரும் மாத்த முடியாது."

பிறகு தீர்மானத்தை வாசித்தார்: "எங்கள் குடும்பத்தாரின் செருப்புகூட அந்தப் படம் ஓடும் தியேட்டரின் வாசலைத் தாண்டாது." கை தட்டல் கிடைத்தது. சேலைக்காகக் காத்திருந்த நாலு பேரும் தட்டினார்கள்.

சங்கத் தலைவர் ஏரம்பமூர்த்தி மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"தம்பி, படக் கம்பெனிக்கு ஆட்சேபக் கடிதம் எழுதோணும் எண்டால் எத்தனையாவது நிமிஷம், என்ன காட்சி எண்டு விவரம் வேணும். பார்க்காத சாட்சி செல்லாது."

"அத நான் ஏற்பாடு பண்றேன் ஐயா," என்றார் சிவநேசன். எப்படி என்று அவர் யோசித்திருக்கவில்லை.

கெலுகோரில் அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டில் மனைவி ரமணி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ரமணி, நம்ம குடும்பத்துல யாரும் அந்தப் படத்தப் பாக்கக் கூடாது. தீர்மானம் ஆயிருச்சு."

"குடும்பம்னா யாரு? துளசி கோலாலம்பூர்ல இருக்கா. மிச்சம் நான்தானே. நான்னே சொல்லிட்டுப் போங்களேன்."

"நீயும்தான், நானும்தான்."

"என்ன எழுதியிருக்கீங்க, படிங்க பாப்போம்."

படித்தார். ரமணி கீரைக் காம்பைப் பிடித்தபடி கேட்டாள்.

"செருப்பா?"

"ஒரு வேகத்துல வந்துச்சு. எல்லாரும் கை தட்டினாங்க."

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அதுல என்ன அப்படித் தப்பு? வள்ளி காட்டுல வளர்ந்த பொண்ணு. தெனக்கும் யானையப் பாக்குறவ. அவ யானைக்குப் பயப்படுவாளா?"

சிவநேசன் தீர்மானக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "புராணத்துல கேள்வி கேக்காதே," என்றார்.

"சரி லா. செருப்பு தாண்டாது. அவ்வளவுதானே," என்றாள் ரமணி.

ரமணி இத்தனை சீக்கிரம் சரி சொன்ன நாட்களை எண்ண ஒரு கை போதும். அவர் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

ஆனால் அவர் மனசு வேறெங்கோ இருந்தது. அது ஒரு ரகசியம். நாற்பத்தொரு வருஷமாக யாரிடமும் சொல்லாதது.

நிச்சயதார்த்தம் முடிந்த புதிது. துறைமுகத்தில் சரக்குப் பெட்டி எண்ணுகிற வேலை அவருக்கு. பெண்ணோடு வெளியே போக வேண்டும் என்றால் ஒரே வழி சாமி படம். மற்றப் படத்துக்கெல்லாம் ரமணி வீட்டில் விடமாட்டார்கள். சாமி படம் என்றால் ஒரு சின்னம்மாவைத் துணைக்கு அனுப்பிவைப்பார்கள். பினாங்கு ரோட்டுப் பக்கம் இருந்த அந்தப் பழைய தியேட்டர் இப்போது கார் நிறுத்துமிடம். அன்றைக்கு அது கோயில் மாதிரி. வாசலில் செருப்புகள் குவிந்து கிடக்கும். திரையில் முருகன் வந்தால் சூடம் ஏற்றுவார்கள். வெளியே ஒருவர் கச்சாங் பூத்தே விற்பார். சூடான கடலையைக் காகிதக் கூம்பில் போட்டுத் தருவார். அந்தக் கடலை வாசமும் சூட வாசமும் கலந்து வந்தால் இன்றைக்கும் சிவநேசன் நடையை நிறுத்திவிடுவார்.

அந்தப் படமும் வள்ளி கதைதான். ஜெயராஜ் என்று அவருக்கு ஒரு உயிர்ச் சிநேகிதன். ரமணிக்குப் பக்கத்து வீடு. படத்துக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை சாயந்தரம் வந்து ஒரு யோசனை சொன்னான். "யானை வர்ற நேரம் நான் பின்னால இருந்து பாம்புன்னு கத்துறேன். எல்லாரும் வெறுங்கால்ல இருப்பாங்க. பொண்ணு தானா உன்னப் புடிச்சுக்கும். எனக்கு ரெண்டு பொட்டலம் கச்சாங் போதும்." அப்படியே நடந்தது. ஜெயராஜ் கத்தினான். முந்நூறு பேர் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்தார்கள். ரமணி அவர் கையைப் பிடித்தாள். கண்ணாடி வளையல் இரண்டு உடைகிற மாதிரி ஒரு பிடி. படம் முடிகிறவரை விடவில்லை.

அவர் ஆயுசில் போட்ட திட்டங்களில் பலித்தது அது ஒன்றுதான். ஜெயராஜும் போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டான். இனி அந்த வெற்றிக்கு அவர் ஒருவர்தான் சாட்சி. இந்த நேரத்தில் யாரோ ஒரு டைரக்டர் வந்து, வள்ளிக்கு எல்லாம் முன்னாடியே தெரியும் என்றால் கோபம் வராதா?

செவ்வாய்க்கிழமை ரமணி அடுப்படி வேலையாக இருந்தபோது மகளுக்குப் போன் போட்டார்.

"துளசி, ஒரு கூட்டாளி சினிமா டிக்கெட் கேக்குறாரு. புக்கிட் மெர்தாஜாம்ல. ஒரே ஒரு சீட்டு. பின்னால, ஓரமா."

"எந்தக் கூட்டாளிப்பா?"

"உனக்குத் தெரியாது."

"எந்தப் படம்?"

சொன்னார். துளசி சிரிப்பை அடக்குகிற சத்தம் அவருக்கு லைன் சரியில்லாததுபோல் கேட்டது.

புதன்கிழமை காலை பசியாறிவிட்டு, புக்கிட் மெர்தாஜாம் முருகன் கோயிலில் விசேஷப் பூசை என்று சொல்லிக் கிளம்பினார். பஸ், ஃபெரி, ரயில் என்று மூன்று மாறிப் போனார். உள்ளூர் ஜார்ஜ் டவுனில் படம் பார்த்தால் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். அங்கே அவரை யாருக்குத் தெரியும்? முகக்கவசம் வேறு போட்டுக்கொண்டார்.

விளக்கு அணைந்த பிறகுதான் உள்ளே போனார். ஆள் கொஞ்சம்தான். சரியாக அவருக்கு முன் வரிசையில் தலையில் துடோங் முக்காடு போட்ட இரண்டு பெண்கள். முஸ்லிம்கள்கூடப் பார்க்க வந்துவிட்டார்களே என்று மனசுக்குள் நொந்துகொண்டு, குறிப்பெடுக்கக் காகிதத்தை எடுத்தார்.

திரையில் மயில்மேல் முருகன் வந்தான். காகிதம் மடியில் விழுந்தது. சிவநேசனின் கால்கள், அவரைக் கேட்காமலே, செருப்பைக் கழற்றின. நாற்பது வருஷப் பழக்கம். பாதம் பட்டு இரண்டு செருப்பும் படியிலிருந்து முன் வரிசைக்கு விழுந்ததை அவர் கவனிக்கவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்.

யானை வந்தது. வள்ளி கண்ணடித்தாள். முன் வரிசைப் பெண்ணொருத்தி கலகலவென்று சிரித்தாள். எங்கேயோ கேட்ட சிரிப்பு. யாருக்குப் பிறந்த பெண்ணோ, சாமி படத்தில் இப்படிச் சிரிக்கிறாளே என்று முறைத்தார்.

விளக்குப் போட்டபோது முன் வரிசை காலி. செருப்பும் இல்லை. குனிந்து, தவழ்ந்து, நாற்காலிக்கு அடியில் டார்ச் அடித்துத் தேடினார். முப்பத்தைந்து வருஷம் ஒரு பெட்டி குறையாமல் எண்ணியவர், தம் காலில் இருந்த இரண்டைத் தொலைத்துவிட்டார். புதுச் செருப்பு வாங்கினால் வீட்டில் கேள்வி வரும். வெறுங்காலோடு போனால் பழியைக் கோயில்மேல் போடலாம். அப்படியே கிளம்பினார். மத்தியான வெயிலில் ஃபெரியின் இரும்புத் தளம் அவரைத் தீமிதிக்க வைத்தது.

வீட்டுக்கு வரும்போது மணி ஐந்து. ரமணி வாசலிலேயே நின்றாள்.

"செருப்பு எங்க?"

"கோயில்ல திருடிட்டாங்க. காலம் கெட்டுப்போச்சு."

"ஐயோ பாவம். முருகன நல்லாப் பாத்தீங்களா?"

"நல்லாப் பாத்தேன். பெருசா, பக்கத்துல."

"வள்ளி?"

"அவளும் இருந்தா."

"யானை?"

சிவநேசன் குனிந்து வெந்த பாதத்தைத் தடவினார். ரமணி உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து அவர் முன்னால் கவிழ்த்தாள். விழுந்தது அவர் செருப்பு.

"என் தலையில விழவேண்டியது. நூர்ஜான் காலுல விழுந்துச்சு," என்றாள். நூர்ஜான் எதிர்வீட்டுக்காரி. "துடோங் அவளோடதுதான். எனக்கு நல்லா இருந்துச்சில்ல?"

"துளசி சொல்லிட்டாளா?"

"முன் வரிசையில ரெண்டு சீட்டும் அவதான் போட்டுக் குடுத்தா."

"அப்ப நீயும் தீர்மானத்த மீறிட்ட," என்று பாய்ந்தார். மூழ்குகிறவருக்குக் கிடைத்த கட்டை அது ஒன்றுதான்.

"நானா? என் செருப்பு நூர்ஜான் ஓட்டிட்டு வந்த காடியிலயே இருந்துச்சு. வேண்டுதல்னு சொல்லிட்டு வெறுங்காலோடத்தான் உள்ள போனேன். வாசலத் தாண்டுனது உங்க செருப்பு மட்டும்தான்."

சிவநேசன் நாற்காலியில் உட்கார்ந்தார். ரமணி ஒரு பேசினில் தண்ணீர் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தாள். காலை உள்ளே விட்டதும் கொப்புளம் எரிந்தது.

"சங்கத்துல சொல்லிறாதே ரமணி."

"சொல்லல. ஞாயித்துக்கிழம நீங்களே எழுந்து, எல்லாரும் படத்தப் பாத்துட்டுப் பேசுவோம்னு சொல்லணும்."

"சொல்றேன்." ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. "ஆனா வள்ளி பயந்துதான் புடிச்சா. எனக்குத் தெரியும். அன்னிக்கி நீ எப்படிப் புடிச்சன்னு எனக்குத் தெரியும்."

"எப்ப? ஜெயராஜ் அண்ணன் பாம்புன்னு கத்துன அன்னிக்கா?"

பேசினில் தண்ணீர் தளும்பியது.

"கத்துனது அவன்னு உனக்குத் தெரியுமா?"

"பக்கத்து வீட்டுக் கொரல் தெரியாதா?"

"அப்ப பாம்பு இல்லன்னு தெரிஞ்சேவா புடிச்ச?"

ரமணி அவர் பாதத்தைத் துண்டால் ஒற்றிக்கொண்டே கேட்டாள். "அந்த யோசனைய அவரு உங்ககிட்ட எப்ப வந்து சொன்னாரு?"

"வெள்ளிக்கிழம சாயந்தரம்."

"நான் அவருகிட்ட வெள்ளிக்கிழம காலையிலயே சொல்லியாச்சு."

சிவநேசனின் ஆயுசில் பலித்த ஒரே திட்டமும் அவருடையது இல்லை. வருத்தம்தான். ஆனால் தாம் தந்திரமாகப் பிடித்துவிட்டதாக இத்தனை வருஷம் நினைத்திருந்த கை, தானாக வந்த கை. அதை நினைக்க நினைக்க அவருக்குக் கண் கலங்கியது. இரண்டு பொட்டலம் கச்சாங்கைத் தின்றுவிட்டுக் கடைசிவரை வாயைத் திறக்காமல் போன ஜெயராஜை நினைத்துச் சிரிப்பும் வந்தது.

"ஏன் ரமணி அப்படிப் பண்ணுன?" என்று குழைந்தார்.

"பின்ன? உங்கள நம்பி உக்காந்திருந்தா, படம் முடிஞ்சு லைட்டே போட்டிருப்பாங்க."