அட்டைக்கடிக்கு இருபத்திரண்டு மருந்து

“என் கட்டுரைய என் பேருல போடுங்க சார்!”

ஹட்டனில் ‘ஆய்வுச்சுனை’ காலாண்டிதழின் ஆசிரியர் சூசைரட்ணத்தின் மேசையில் நாகலெட்சுமி இதழைப் பொத்தென்று போட்டாள். பத்திரிகை ஆசிரியர்களிடம் இப்படிக் கேட்கவே கூடாது என்று அவளுடைய விரிவுரையாளர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்து வரிசை வீடுகளிலிருந்து பட்டம் வாங்கிய முதல் பெண் அவள். கொழுந்தெடுக்கும் பெண்கள் அட்டைக்கடிக்குப் போடும் இருபத்திரண்டு மருந்துகளைத் திரட்டிக் கட்டுரை எழுதினாள். அச்சில் ஒன்றாவது வந்திருந்தால்தான் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்கு இடம். தரம் பார்க்கச் சொல்லி ஆசிரியர் அதை அறிஞர் கணேசமூர்த்திக்கு அனுப்பினார். அவர் ‘தரமில்லை’ என்று எழுதிவிட்டு, அடுத்த இதழிலேயே அதைத் தம் பெயரில் வெளியிட்டுக்கொண்டார்.

“பதறாதம்மா. அடுத்த இதழ்ல திருத்தம் போட்டுருவோம்.”

போட்டார். ‘முன் இதழில் கணேசமூர்த்தி என வந்ததைக் கணேசமூர்த்தி, பி.ஏ. என வாசிக்கவும்.’

நாகலெட்சுமி மறுபடியும் பஸ் ஏறினாள்.

“என்ன சார் இது?”

“அவரும் ஒரு முறைப்பாடு அனுப்பியிருந்தாரும்மா. அது முந்தி வந்துருச்சு. உன்னோடத முறைப்படி விசாரிக்கணும். நிபுணர் ஒருத்தருக்கு அனுப்பியிருக்கேன்.”

“யாருக்கு?”

“அது ரகசியம்.”

“சார்!”

“அட்டைக்கடியப் பத்தி இந்த நாட்டுல எழுதியிருக்கிறது ஒரே ஆளுதானேம்மா...”

அந்த ஒரே ஆள் இரண்டே வாரத்தில் அறிக்கை தந்தார். முறைப்பாட்டுக்காரியின் கையெழுத்துப் பிரதி தம் கட்டுரையை வரிக்கு வரி ஒத்திருப்பது மிகுந்த கவலை அளிப்பதாகச் சொன்னார். திருட்டுக்கு விளக்கம் கேட்டு நாகலெட்சுமிக்கே கடிதம் வந்தது. அன்றைக்கு அவள் வீட்டில் எந்தப் பாத்திரமும் சத்தமில்லாமல் கழுவப்படவில்லை.

பெரட்டில் பெயர் கொடுத்து வேலைக்குப் போக வேண்டாத ஞாயிறன்று, மழையோடு மழையாக, சாட்சியைக் கையோடு கூட்டிவந்தாள். மருந்து இருபத்திரண்டையும் சொன்ன காளியாயி கம்பளியைத் தலையில் போட்டபடி வாசலோரம் நின்றாள். கணேசமூர்த்தியும் கோட்டு மாட்டிக்கொண்டு வந்திருந்தார்.

“மருந்தெல்லாம் யாருகிட்டம்மா சொன்னீங்க?” என்றார் சூசைரட்ணம்.

“இந்தப் பாப்பாகிட்டதாங்க. இந்த ஐயாவ நான் கண்டதே இல்ல.”

“வயசாச்சு, மறந்திருப்பாங்க,” என்றார் கணேசமூர்த்தி. “கட்டுரை என்னோடதுதான் சார். எந்தக் கோயில்லயும் சத்தியம் பண்றேன்.”

“பண்ணுங்க,” என்றாள் நாகலெட்சுமி. “அப்படியே சாமி பேருக்குப் பின்னால ஒரு பி.ஏ. போட்டுட்டு வாங்க.”

“ஆ!” என்று துள்ளினார் சூசைரட்ணம். காளியாயியின் கம்பளியோடு பஸ்ஸில் வந்த அட்டையொன்று அவர் கணுக்காலில் கொழுத்துத் தொங்கியது. அவர் பதறி இதழைப் புரட்டினார்.

“பதினாலாவது... கொய்யாக் கொழுந்தை வாழைப்பூச் சாற்றில் அரைத்து...”

“ஐயய்யோ, அதப் போட்டுறாதீங்க! சவுக்காரம் இருந்தாக் குடுங்க.”

சோப்புக் கட்டியை நனைத்துத் தேய்த்ததும் அட்டை சுருண்டு விழுந்தது.

“அப்ப இந்தப் பதினாலாவது?”

காளியாயி நெளிந்தாள். “எங்களுக்குத் தெரிஞ்சது சவுக்காரம் ஒண்ணுதாங்க. நம்ம லயத்துப் புள்ள, பெரிய படிப்புப் படிச்சுட்டு, கொப்பியும் பென்சிலுமா வந்து எம்பக்கத்துல குந்துச்சு. ஒண்ணு சொன்னேன். ‘அப்புறம்?’னு கேட்டுச்சு. அப்புறம்னு கேக்குற புள்ளய வெறுங்கையோட அனுப்ப மனசு வருமாங்க? அப்படியே இருபத்திரண்டு வரைக்கும் இழுத்துட்டேன்.”

நாகலெட்சுமிக்குக் காது சுட்டது. கிழவியைத் திட்டுவதா, கட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. எழுதுமுன் தான் ஒரு காலிலாவது ஒரு மருந்தைத் தடவிப் பார்த்தாளா? கோபம் முதன்முறையாகத் தன் மீதே திரும்பியது. கையிலிருந்த கொப்பியைப் பட்டென்று மூடினாள்.

“சார், அந்தக் கட்டுரை பொய்யின்னு அடுத்த இதழ்ல பெருசாப் போடுங்க.”

“யாரு பேருலம்மா?”

“சவுக்காரம் மட்டும் என்னோடது. மிச்சம் இருபத்தொண்ணும் இவரோடதாவே இருக்கட்டும். நான் லயம் லயமாப் போயி, மொதல்ல இருந்து கேட்டு எழுதப் போறேன். வாங்க பெரியம்மா.”

குடையை விரித்து அவள் படியிறங்கிவிட்டாள். பின்னாலிருந்து கணேசமூர்த்தியின் அலறல் கேட்டது.

“சார்! சத்தியமாச் சொல்றேன், அந்தக் கட்டுரைய எழுதினது அந்தப் பிள்ளைதான் சார்!”