நாற்பது புத்தகமும் பன்னிரண்டு கையெழுத்தும்

"எண்பத்து மூணாம் பக்கத்துல அந்தப் பொண்ணு ஜன்னல் வழியா வெளியே குதிக்கிறா. இதைப் படிச்சிட்டு நம்ம பிள்ளைங்களும் குதிச்சா யாரு பொறுப்பு?" என்று கேட்டார் பல் டாக்டர்.

"சார், வீடு தீப்பிடிச்சு எரியுது சார். ஜன்னல் வழியாத்தான் வர முடியும்."

"அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுக் குதிச்சிருக்கலாமில்ல?"

பள்ளி நூலகர் பல்லைக் கடித்தாள்.

"அப்படிக் கடிக்காதீங்க மேடம், தேஞ்சுடும்" என்று இலவச ஆலோசனையும் தந்துவிட்டு, கையெழுத்துப் போடாமலே கிளம்பினார் டாக்டர்.

பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் 'உஷ் மிஸ்'. மூன்று மாதம் கடை கடையாக ஏறி இறங்கி, பிள்ளைகளிடம் கேட்டுக் கேட்டு, அவர்கள் வயதுக்கேற்ற நாற்பது கதைப் புத்தகங்களைப் பொறுக்கி எடுத்திருந்தாள். பெட்டி வந்து இறங்கியதும் தலைமை ஆசிரியைக்குப் பயம் வந்துவிட்டது.

"பெரியவங்க படிச்சுப் பார்க்காம பிள்ளைங்க கையில குடுக்கக் கூடாது. நாளைக்கு ஒருத்தர் வந்து சத்தம் போட்டா நான்தானே பதில் சொல்லணும்?"

அதனால் மூன்று பேர் கொண்ட தேர்வுக் கமிட்டி. பெற்றோர் சங்கத் தலைவரான பல் டாக்டர், கணக்கு சார், ஒரு மாணவனின் அம்மாவான டெய்லர். மாதக் கடைசிக்குள் எல்லாக் கையெழுத்தும் வராவிட்டால் பெட்டி கடைக்கே திரும்பிப் போகும்.

ஏழாம் வகுப்பு ரெட்டைச்சடை மட்டும் தினமும் மத்தியானம் வந்து, பூட்டிய அலமாரியின் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பாள்.

"மிஸ், அந்த நீல அட்டை என்ன கதை?"

"கையெழுத்து வரட்டும்மா, நீயே படிக்கலாம்."

"எப்ப மிஸ் வரும்?"

"வரும்" என்று சொல்லிவிட்டு உஷ் மிஸ் சுவரிலிருந்த காலண்டரைப் பார்ப்பாள்.

நூலக நாற்காலியில் உட்கார்ந்து படித்தால் முதுகு வலிக்கிறது என்று கமிட்டியார் குறைபட்டார்கள். "அப்போ வீட்டுக்கே எடுத்துட்டுப் போங்க" என்றாள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். போன புத்தகம் திரும்பவே இல்லை.

"மேசை மேலதான் வச்சேன். காணோமே!" என்றார் டாக்டர்.

"தைக்க வந்த துணிக்குள்ள எங்கயோ சிக்கியிருக்கும். தேடித் தர்றேன்மா" என்றாள் டெய்லர்.

ஒரு வாரம் கழித்து ஒரு புத்தகம் திரும்பி வந்தபோது நாற்பதாம் பக்கத்தில் ஜாம் கறை. "ஏழு கழுதை வயசாச்சு, ஜாம் கையோடயா படிக்குதுங்க!" என்று முணுமுணுத்தபடி ஈரத்துணியால் துடைத்தாள் உஷ் மிஸ்.

மூன்று பேர் படித்து முடிக்க மாதம் போதாது என்று இன்னும் ஒன்பது பெற்றோரைச் சேர்த்தாள். ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுத்தால் சட்டென்று முடிந்துவிடும் என்பது அவள் கணக்கு. தலைமை ஆசிரியையின் கணக்கு வேறு.

"பன்னிரண்டு பேர் இருக்காங்கன்னா பன்னிரண்டு பேரும்தான் ஒவ்வொரு புத்தகத்துக்கும் கையெழுத்துப் போடணும்."

அதற்குப் பிறகு கேட்கவும் வேண்டுமா? வீட்டுக்கு வீடு புத்தகம் சுற்றியது, ஆளுக்கொரு ஆட்சேபம் முளைத்தது.

"இந்தப் பேய் ரொம்ப நல்ல பேயா இருக்கு. பிள்ளைங்களுக்குப் பயமே விட்டுப் போயிடும்."

"இதுல அப்பா சமைக்கிறாரு. எங்க வீட்டுல கேள்வி வரும்."

கணக்கு சார் ஒரு தாளை நீட்டினார். "படகுல ஆறு மணி நேரத்துல அந்தத் தீவுக்குப் போயே சேர முடியாது. போட்டுப் பார்த்துட்டேன்."

கடைசியில், படிக்க நேரமில்லாதவர்களுக்காக ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு பக்கத்தில் கதைச் சுருக்கம் எழுதினாள். நாற்பதும் எழுதி முடித்தபோது விரல் வீங்கிவிட்டது. தலைமை ஆசிரியை படித்துவிட்டு முகம் மலர்ந்தாள்.

"பிரமாதம்! இதையே நகல் எடுத்துப் பிள்ளைங்களுக்குக் குடுத்துட்டா புத்தகமே வேண்டாமே! கீழ அஞ்சு கேள்வி சேர்த்துடுங்க, வகுப்புக்கும் ஆச்சு."

தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோமே என்று உஷ் மிஸ் நொந்துபோனாள்.

அதைவிடப் பெரிய அடி வேறு. ரெட்டைச்சடை வருவதை நிறுத்திவிட்டாள். ஒருநாள் மாடிப்படியில் மடக்கி, "ஏன்டி வர்றதே இல்ல?" என்று கேட்டதற்கு, "சும்மாதான் மிஸ்" என்று பையை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடியே போனாள். இருந்த ஒரு வாசகியையும் ஆசை காட்டி மோசம் செய்துவிட்டோம் என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. புத்தக அடுக்குக்குப் பின்னால் போய் நின்று கொஞ்ச நேரம் அழுதாள்.

மாதக் கடைசி நாள். நாற்பது புத்தகமும் ஒருவழியாகத் திரும்பி வந்து மேசைமேல் கிடந்தன. சுற்றிலும் பன்னிரண்டு பேர். டாக்டர் மறுபடி எண்பத்து மூன்றாம் பக்கத்தைத் திறந்ததுதான் தாமதம், உஷ் மிஸ் எழுந்துவிட்டாள்.

"இத்தனை நாளா உங்க வீட்டுலதான் சார் இந்தப் புத்தகம் இருந்துச்சு. நீங்க யாராவது ஜன்னல் வழியா குதிச்சீங்களா? பேயோட சிநேகமானீங்களா? இந்தப் பெட்டியைத் திருப்பி அனுப்பறதா இருந்தா என்னையும் அதுலயே வச்சு அனுப்பிடுங்க!"

நூலகத்தில் அவள் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. 'உஷ்' என்று சொல்லக்கூட ஆளில்லை.

கணக்கு சார்தான் முதலில் பேனாவைத் திறந்தார். "படகு விஷயத்துக்கு மட்டும் ஒரு குறிப்பு எழுதி ஒட்டிடுங்க." அவர் போட்டதும் மற்றவர்களும் போட்டார்கள். கடைசியாக டாக்டர், "வீட்டு ஜன்னலுக்குக் கம்பி போட்டுக்கறேன், வேற வழி?" என்று நாற்பது கையெழுத்தையும் கிறுக்கித் தள்ளினார்.

"அப்பாடா! கமிட்டியை இன்னையோட கலைச்சாச்சு" என்றாள் தலைமை ஆசிரியை.

மறுநாள் முதல் வகுப்பே ஏழாம் வகுப்பு. உஷ் மிஸ் அலமாரியின் இரண்டு கதவையும் விரியத் திறந்தாள்.

"எடுத்துக்கோங்க! எது வேணுமோ எடுத்துக்கோங்க!"

ஒரு கைகூட நீளவில்லை. பிள்ளைகள் அட்டைகளைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், காலால் தரையைத் தேய்த்தார்கள். காலம் கடந்துவிட்டது, ஆசையே செத்துப்போய்விட்டது என்று நினைத்து அவள் ஒரு கதவைச் சாத்தப் போனாள்.

ரெட்டைச்சடை தயங்கித் தயங்கி முன்னால் வந்து சொன்னாள்: "மிஸ், டாக்டர் பொண்ணும் டெய்லர் ஆன்ட்டி பையனும் வீட்டுலேர்ந்து ஒவ்வொண்ணா எடுத்துட்டு வந்து குடுத்து, நாங்க இதெல்லாம் எப்பவோ படிச்சு முடிச்சாச்சு, அடுத்த பெட்டி வந்தா இன்னும் பெரிய கமிட்டியா போடுங்க மிஸ், பன்னிரண்டு வீடு எங்களுக்குப் பத்தவே இல்ல!"